காதால் கட்டிய வீடு

சுவரும் கூரையும் இன்றி ஒரு வீட்டைக் கட்ட இயலுமா? இயலும் என்று காட்டியது வானொலி.

அமெரிக்க வானொலியில் 1935ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய 'ஃபிப்பர் மெக்கீயும் மோலியும்' என்னும் நகைச்சுவைத் தொடர் அதற்குத் தக்க சான்று. ஃபிப்பர் வாய்ச்சவடால் பேர்வழி. எடுத்த காரியத்தை உருப்படியாக முடித்தறியாதவர். மோலி, அவரைப் பொறுத்தும் திருத்தியும் வாழும் அறிவுள்ள மனைவி. இவ்விருவராகவும் நடித்த ஜிம் ஜார்டனும் மரியன் ஜார்டனும் வாழ்க்கையிலும் கணவன் மனைவியரே. அவர்கள் வீட்டுக்கு அண்டை அயலார் வருவார்கள், பேசுவார்கள், போவார்கள். பெரும்பாலும் அவ்வளவே கதை!

அவ்வீட்டில் ஒரு சாமான் அறை உண்டு. 1940இல் அதன் கதவு முதன்முறையாகத் திறந்தது. அடைத்து வைத்தவையெல்லாம் தடதடவெனச் சரிந்தன. ஆரவாரம் அடங்கியபின் ஒரு சிறுமணி 'கிணிங்' என்றது. என்றாவது ஒருநாள் அறையை ஒழுங்குசெய்ய வேண்டும் என்பார் ஃபிப்பர்.  ஆண்டுக்கணக்கில் இதே வேடிக்கை, ஆயினும் சலிக்கவில்லை. ஏன்? வானொலியில் கேட்கையில் அவ்வறை கண்ணுக்குத் தெரிவதில்லை. தத்தம் வீட்டுப் பரணில் கிடந்தவற்றையே அங்கே அடுக்கிக்கொண்டனர்.

நகை பிறக்கும் இடங்களுள் பேதைமையையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். ஃபிப்பரின் பேதைமை நம் பேதைமை. ஆகவே அச்சிரிப்பு பிறரைச் சுடவில்லை. 1959இல் வேறு நடிகரைக் கொண்டு இக்குடும்பத்தைத் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தனர். சில மாதங்களில் நின்றுபோயிற்று. நடிகர் மாறியதும் காரணமாகலாம். ஆனால், கண்ணுக்குக் காட்டியதும் அது வேறு யாரோ ஒருவர் வீடாகிவிட்டது என்பதே என் கருத்து.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டியதில்லை. அதே தொடரில் 1944 முதல் பியூலா என்னும் கறுப்பினப் பணிப்பெண்ணாகப் பேசியவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளை ஆடவர்! அது பேதைமையில் பிறந்த நகையன்று. ஓர் இனத்தையே எள்ளிய நகை.

நண்பர்களே, நம் விழா மேடைகளில் நிகழ்வது என்ன? ஒருவர் நிறத்தையும் உடலையும் பழித்தல், மனைவியரை ஏசுதல்: இவையே நகைச்சுவை என்றாகிவிடவில்லையா? வரும் ஆண்டு விழாவில் ஒரு குறுநாடகத்தையேனும் திரைக்குப் பின்னிருந்து குரலாலேயே நடத்துவோம். தோற்றத்தைக் காட்டிச் சிரிப்பு மூட்ட அங்கே வழியில்லை. எழுத்துத்தான் சிரிக்க வைக்க வேண்டும். எவர் பேச்சையும் இனத்தையும் இழித்துரையோம் என்ற உறுதியும் உடன் வேண்டும். உருட்டிவிடத் தட்டும் தகரமும் விடுதிச் சமையற்கட்டில் கிடைக்கும், செலவில்லை. ஊரை விட்டு வந்து பயிலும் நாம், சற்றுநேரம் கண்ணை மூடி நம் வீட்டைக் கேட்டு மகிழலாமே!