பேனாவைத் தூக்காமல் ஒரு பருவம்

கலையையும் ரோபோவையும் இணைப்பதாகச் சொல்லிப் பல பள்ளி ஆய்வகங்களில் நடப்பது இதுதான்: மாணவர் ஒரு புகைப்படத்தைக் கணினியில் ஏற்றுகிறார், மென்பொருள் அதைக் கோடுகளாக்குகிறது, இயந்திரம் வரைந்து தருகிறது. கண்காட்சியில் கூட்டமும் சேர்கிறது. ஆனால் எந்தக் கோடு எங்கே போகவேண்டும் என்று அந்த மாணவர் ஒருமுறைகூட முடிவெடுக்கவில்லை. சக்கரம் எவ்வளவு வழுக்கியது என்றும் அவருக்குத் தெரியாது. சக ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் பருவம் முழுக்க, பேனாவைத் தூக்கும் சர்வோ மோட்டாரை வரையும் ரோபோ வண்டியில் பொருத்தாதீர்கள். தொடங்கிய கோடு முடியும்வரை பேனா தாளிலேயே இருக்கட்டும்.

தரையில் ஊர்ந்து வரையும் வண்டிக்கு நல்ல பரம்பரை உண்டு. 1967இல் வாலி ஃபியூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ நிரல்மொழிக்குச் சில ஆண்டுகளில் ‘ஆமை’ என்ற வரையும் ரோபோ வந்து சேர்ந்தது. குழந்தை தானே ஆமையாக நடந்து பார்த்து வடிவியலைக் கற்கும் என்று பேப்பர்ட் நம்பினார். நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்தார்கள். பின்னாளில் கிஃப்ட் சிரோமணி, சிக்குக் கோலத்தின் இழையைக் கையசைவுகளின் தொடராகவே விவரித்தார். ஆமைக்கு நாம் எழுதும் நிரலும் அதே வகைதான்.

ஆகவே சிக்குக் கோலத்தில் தொடங்கலாம். நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் இழை குறுக்காக வெட்டிப் போய், ஓரத்தில் வளைந்து திரும்பினால், எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வரும். ஒரே இழை. 3-க்கு 3 வைத்தால் மூன்று தனி இழைகள். 4-க்கு 6 வைத்தால் இரண்டு. இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழைகள். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பல அளவுகளில் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் தாங்களே பிடித்துவிடுவார்கள்.

அடுத்த கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது. 3-க்கு 3 கோலத்தைப் பேனா தூக்காமல் எப்படி வரைவது? கணிதர் ஆய்லரிடம் ஒரு விடை இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு கைகள், இரட்டைப்படை. எனவே சில சந்திப்புகளில் நேரே போகாமல் திரும்பினால், அதே படத்தை ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். படம் மாறாது, ஆனால் ஓட்டம் ஒடியும், வண்டி நின்று திரும்பும் இடத்தில் மை ஊறும். இன்னொரு விடை கோலத்துக்குள்ளேயே இருக்கிறது. இரு தனி இழைகள் வெட்டும் இடத்தில் அவற்றை வெட்டவிடாமல் விலக்கி வளைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று இழைகளை இணைக்க இரண்டு இடங்கள் போதும். எந்த இரண்டு? கீழ் வரிசைப் புள்ளிகளின் இரு இடைவெளிகளிலும் இதைச் செய்தால் மூன்றும் இணையும். இடவலச் சமச்சீர் தங்கும், மேல்கீழ்ச் சமச்சீர் போய்விடும். மையத்துக்கு நேர் எதிரெதிரான இரு இடங்களில் செய்தால் ஓர் இழை சேராமல் தனியே நிற்கும். அழகு, ஓட்டம், கணக்கு மூன்றையும் சேர்த்து எடுக்கவேண்டிய முடிவு இது. இதை மாணவரே எடுக்கவேண்டும்.

வண்டியின் உடலும் படத்தைத் தீர்மானிக்கிறது. சக்கரங்களுக்கு இடையே 10 செ.மீ. இருந்தால், 5 செ.மீ.க்குக் குறைந்த ஆரமுள்ள வளைவில் உள்சக்கரம் பின்னோக்கிச் சுழலவேண்டிவரும். நாம் வாங்கும் மலிவான ஸ்டெப்பர் மோட்டார்களின் பற்சக்கரங்களில், திசை மாறும்போதெல்லாம் சிறு தளர்வு உண்டு. கோட்டில் அது குலுங்கித் தெரியும். மூலைப் புள்ளியை அரைவட்டமாகச் சுற்றும்போது, அதன் ஆரம் புள்ளி இடைவெளியில் சுமார் 0.35 பங்கு. எனவே புள்ளிக்குப் புள்ளி 15 செ.மீ. விட்டால் இரு சக்கரங்களும் எப்போதும் முன்னோக்கியே ஓடும். 3-க்கு 4 கோலம் ஒரு சார்ட் தாளில் அடங்கியும் விடும். பேனா முனை மட்டும் சக்கர அச்சின் நட்டநடுவில் இருக்கவேண்டும்.

மூடிய ஒற்றை இழை பிழையை மறைக்காது. முடிவு தொடக்கத்தில் வந்து சேராவிட்டால், அந்த இடைவெளியை அளவுகோலால் அளந்துவிடலாம். திசையில் 1 பாகை தவறினால் 1 மீட்டர் ஓட்டத்தில் 17 மி.மீ. விலகல். 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைனும் ஃபெங்கும் இத்தகைய பிழையை அளக்க வகுத்த சோதனையில், வண்டி ஒரு சதுரத்தை வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் சுற்றவேண்டும். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால், சக்கர விட்டங்களின் வேறுபாடும் சக்கர இடைவெளியில் உள்ள பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, கோளாறுள்ள வண்டியும் தேறிவிடும். முதலில் அந்தச் சதுரத்தை ஓட்டுங்கள். பிறகு கோலத்தையும் இரு திசையிலும் ஓட்டுங்கள்.

ஓவிய ஆசிரியரைப் பரிசளிப்பு நாளுக்கு மட்டும் அழைக்காதீர்கள், திட்டமிடும் நாளிலேயே அழையுங்கள். பிரான்சின் க்ளோத் மெல்லான் 1649இல் கிறிஸ்துவின் முகத்தை, மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே சுருள்கோட்டால் செதுக்கினார். கோடு தடித்த இடத்தில் நிழல், மெலிந்த இடத்தில் ஒளி. நம் மார்க்கரின் தடிமன் மாறாது. நிழலுக்கு என்ன செய்வது? சுருளை நெளியவிடலாம், சுற்றுகளை நெருக்கலாம், வேகத்தைக் குறைத்து மையை ஊறவிடலாம். ஓவிய ஆசிரியர் கேட்பார். மாணவர் நிரலில் பதில் சொல்வார். மதிப்பெண்ணையும் இரு ஆசிரியர்களும் சேர்ந்தே போடட்டும்.

இந்தப் பருவத்தில் உங்கள் மாணவர்கள் வரையும் தாள்களை இந்த இதழுக்கு அனுப்புங்கள். மூடாத கோலங்களையும் கையால் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். இரு திசைக்கும் இடைவெளி எத்தனை மி.மீ., எந்தச் சந்திப்புகளை ஏன் விலக்கினார்கள் என்பதை ஓரத்தில் மாணவரே எழுதியிருக்கவேண்டும்.