வெப்பப் பம்பி: பழி இயந்திரத்தின் மீதா?

ஐரோப்பிய நாடுகளில் வீடுகளைச் சூடாக்கும் முறை பற்றி எழுந்துள்ள விவாதத்தில், அடிக்கடி உரத்த குரலில் சொல்லப்படுவதனாலேயே உண்மைபோலத் தோன்றும் கூற்றொன்று உண்டு. வெப்பப் பம்பி குளிர்நாட்டுக்கு ஒவ்வாது என்பதே அது. புதிதாகப் பொருத்தப்படும் சூடாக்கும் சாதனம் தன் சக்தியில் 65 வீதத்தையேனும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறவேண்டும் என 2023இல் ஜேர்மனி சட்டமியற்ற முனைந்தபோது, கூட்டரசாங்கமே ஆட்டங்காணுமளவுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. மக்கள் தலைமேல் இறங்கும் சம்மட்டி என்று அச்சட்டத்தைப் பத்திரிகை வருணித்தது. விடயம் விஞ்ஞான பீடத்தாருக்குரியது, நமக்கென்ன என்று கலைப்பீட மாணவர் ஒதுங்கிக்கொள்ளுதல் தகாது. இவ்விவாதத்திற் பௌதிகத்தின் பெயரால் மறைக்கப்படுவது அரசியற் பொருளாதாரம் என்பது என் துணிபு.

எனினும் பௌதிகத்தை முதலிற் கூறியாகவேண்டும். வாயுக் கொதிகலன் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் நவீன கொதிகலனிலும், நூறு அலகு எரிபொருளுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு அலகு வெப்பமே வீட்டைச் சேரும். சாதாரண மின்சூடாக்கி நூற்றுக்கு நூறு தரும். அதற்குமேல் அதனாற் தரவியலாது. வெப்பப் பம்பியோ வெப்பத்தை உண்டாக்குவதன்று, இறைப்பது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர் அதன் உள்ளிருந்த வெப்பம் வெளியே தள்ளப்படுவதை அறிவர். அதே பொறியைத் திருப்பிவைத்து, வெளியுலகைப் பெட்டியின் உட்புறமாகவும் வீட்டை அதன் பின்புறமாகவும் கொண்டால், அதுவே வெப்பப் பம்பி. பூச்சியப் பாகைக் காற்றில் வெப்பம் ஏது என வினவுவோர், தனிப்பூச்சியத்திலிருந்து அது 273 பாகை மேலே நிற்பதை மறந்துவிடுகின்றனர். இது நேற்றுத் தோன்றிய புதுமையுமன்று. பின்னர் கெல்வின் பிரபுவாகிய வில்லியம் தொம்சன் இக்கருத்தை 1852இலேயே முன்வைத்தார். 1938இல் சூரிச் நகரமண்டபம் லிம்மாற் ஆற்று நீரிலிருந்து வெப்பம் பெற்றது.

வெளியே 0 பாகையும் குழாய்நீர் 35 பாகையுமாக இருப்பின், ஓர் அலகு மின்சாரத்தால் 8.8 அலகு வெப்பத்தை இறைக்கலாம் என்பது கோட்பாட்டு எல்லை. நீர் 55 பாகையாக வேண்டுமாயின் அவ்வெல்லை 6 ஆகச் சுருங்கும். நடைமுறைப் பொறிகள் இதில் ஏறத்தாழப் பாதியையே எட்டுகின்றன. பிரித்தானியாவில் எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகளில் நடந்த அளவீட்டில், காற்றிலிருந்து வெப்பம் பெறும் பம்பிகள் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 2.8 அலகு வெப்பம் தந்தன. கடுங்குளிரில் இவ்வெண் வீழ்ச்சியடையும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த வீழ்ச்சி நோர்வேயில் எவரையும் தடுக்கவில்லை. அங்கு ஏறத்தாழப் பத்துக்கு ஆறு வீடுகளில் இப்பொறி உள்ளது. குளிரால் ஆகாத பொறி குளிர்மிகுந்த நாட்டிலேயே மிகுதியாகப் பரவியது எங்ஙனம் என்பதற்கு எதிர்ப்பாளர் விடை கூறுவதில்லை.

மின்னிலையத்தில் இழக்கப்படும் சக்தியைக் கணக்கிற் சேர்த்தீரா என்பது அவர்தம் கேள்விகளுள் நேர்மையானது. சேர்த்தே பார்ப்போம். நூறு அலகு வாயுவை நல்லதொரு மின்னிலையத்தில் எரித்தால் ஐம்பது அலகளவு மின்சாரம் கிடைக்கும். கம்பிவழி இழப்பைக் கழித்தால் வீட்டுக்கு 46 வரும். பம்பி அதனை 129 அலகு வெப்பமாக்கும். அதே வாயுவை வீட்டிலேயே எரித்தாற் கிடைப்பது 90. நிலக்கரி மின்சாரமாயின் இரண்டும் ஏறத்தாழச் சமநிலைக்கு வரும் என்பதும் உண்மை. ஆனால் பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்னிலையம் 2024 செப்ரெம்பர் 30இல் மூடப்பட்டுவிட்டது.

அவ்வாறாயின் பிரித்தானியக் குடும்பம் ஏன் தயங்குகிறது? விடை விலையில் உள்ளது. 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த உச்சவிலையின்படி, ஒரு கிலோவாற்று மணி மின்சாரம் 24.5 பென்ஸ், வாயு 6.24 பென்ஸ். நிலையான கட்டணத்தை விடுத்து நோக்கின், ஓர் அலகு வெப்பத்துக்குக் கொதிகலன் ஏறத்தாழ 6.9 பென்சும், 2.8 தரும் பம்பி 8.75 பென்சும் செலவாக்கும். மூன்றிலொரு பங்கு சக்தியை நுகரும் பொறி கூடிய பணத்தை வாங்குகிறது! பம்பி 3.5ஐத் தாண்டினாலன்றிக் கணக்கு ஒப்பேறாது.

இவ்விலை இயற்கையின் நியதியன்று. புதுப்பிக்கத்தக்க சக்திக்கான அறவீடுகளின் பெரும்பகுதி அக்காலத்தில் மின்கட்டணத்தின் மீதே சுமத்தப்பட்டிருந்தது. வாயு பெரும்பாலும் தப்பிக்கொண்டது. மொத்தச் சந்தையில் இறுதியாக அழைக்கப்படும் மின்னிலையமே எல்லா மின்சாரத்துக்கும் விலை குறிக்கும். அது பெரும்பாலும் வாயு மின்னிலையமாகவே இருந்தது. எனவே வாயுவின் விலை ஏறியபோது காற்றாலை மின்சாரமும் உடன் ஏறிற்று. வாயுவை விட்டு நீங்க விழைபவரிடம் வாயுவே சுங்கம் அறவிட்டது எனலாம். மாறாக, பின்லாந்து 1990இலும், சுவீடனும் நோர்வேயும் 1991இலும் காபன் வரி விதித்தன. கட்டடங்களைக் கனிய எண்ணெயாற் சூடாக்குவதை நோர்வே 2020இல் தடைசெய்தது. நோர்வேக்கு நீர்மின் வளம் துணைநின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வரியை எப்பொருளின்மீது வைப்பது என்பதை அருவிகள் தீர்மானிப்பதில்லை.

வாடகைக் குடியிருப்பாளர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. எப்பொறி என்பதைத் தீர்மானிப்பவர் வீட்டுச் சொந்தக்காரர். கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 ஒக்டோபரில் மானியம் 5,000 பவுணிலிருந்து 7,500 பவுணாக உயர்த்தப்பட்டபோதும், அது சொத்துடையார் கைக்கே சென்றது. இலண்டனில் வாடகை வீடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் நம்மவருள்ளும் இந்நிலையிலுள்ளோர் பலர். பம்பியின் குறைகளை இவர்களுக்கு எடுத்தோதும் அறிஞர், மின்சாரத்தின்மீது ஏற்றப்பட்ட சுமை வாயுவின்மீது ஏன் ஏற்றப்படவில்லை என்பதை முதலில் விளக்கட்டும்.