உதைபந்தாட்டம் பார்க்கப் போனவர்கள்: அயர்லாந்தின் பப்பும் மூடப்படாத வழக்கும்

1994 ஜூன் 18. உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் அயர்லாந்தும் இத்தாலியும் மோதிய இரவு. வட அயர்லாந்தின் லொக்கினைலாண்ட் என்ற சிற்றூரில், 'ஹைட்ஸ் பார்' என்ற சின்ன பப்பில் ஊரவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருந்தார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பிரித்தானிய ஆதரவு ஆயுதக் குழுவான யூ.வி.எஃப்பினர் உள்ளே நுழைந்து சுட்டார்கள். ஆறு கத்தோலிக்கர்கள் இறந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு 87 வயது. அயர்லாந்து அந்த ஆட்டத்தை 1–0 என வென்றது.

எங்களில் பலருக்கு அயர்லாந்து என்றால் 1981 இல் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்த பொபி சான்ட்ஸ். அல்லது 2010 ஜனவரியில் இலங்கை தொடர்பாக டப்ளினில் கூடிய மக்கள் தீர்ப்பாயம். அந்தத் தீவின் அரசியலைச் சிறையிலும் தெருவிலும் பேச்சுவார்த்தை மேசையிலும் தேடிப் படித்த நாங்கள் பப்பில் தேடியதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் ஊரில் தவறணை என்றால் பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடந்துபோகும் இடம். போருக்குப் பிறகு குடி எத்தனை வீடுகளைத் தின்றது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் 'பப்' என்பதைத் தவறணை என்று சொன்னால் பாதிதான் சரி.

'பொதுவீடு' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே பப். நாட்டுப்புற அயர்லாந்தில் ஒரு பக்கம் பலசரக்குக் கடை, மறுபக்கம் மதுக்கூடம் என்று இருந்த பப்கள் பல. சில ஊர்களில் பப் நடத்துபவரே செத்தவீட்டுக் காரியங்களையும் பொறுப்பெடுப்பார். அடக்கம் முடிந்து கூடுவதும், காணி விலை பேசுவதும், தேர்தல் கணக்குப் போடுவதும் அங்கேதான். மூலையில் வயலினும் புல்லாங்குழலும் வைத்திருப்பவர்கள் வட்டமாக இருந்து வாசிப்பார்கள். அதற்கு மேடை கிடையாது. குடிப்பதற்கும் முறை உண்டு. ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த சுற்று அடுத்தவருடையது. தன் முறை வரும்போது நழுவுபவரை ஊர் மறக்காது.

கிளாசுக்குள்ளும் அரசியல் இருக்கிறது. பொட்சீன் என்பது எங்கள் கசிப்பைப் போல ஒளித்து வடிக்கும் சாராயம். 1661 இல் வரி விதிக்கப்பட்டபின் அது மலைகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் போனது. அயர்லாந்துக்குள் அதைச் சட்டப்படி விற்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபக்கத்தில் ஆதர் கின்னஸ் 1759 இல் டப்ளினில் ஒரு பியர் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண் வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். அவர் பெயர் தாங்கிய கறுப்பு பியர் இன்று லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட டியாஜியோ நிறுவனத்தின் சொத்து. 1990களிலிருந்து 'ஐரிஷ் பப்' என்பதே மேசை, பலகை, பழைய போத்தல் எல்லாம் சேர்த்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பண்டமாகிவிட்டது. அந்தப் பொதிக்குள் லொக்கினைலாண்ட் வருவதில்லை.

பப் ஏன் இலக்கானது?

ஊர் கூடும் இடம் என்பதாலேயே பப் போரின் இலக்குமானது. பெல்பாஸ்டில் ஒரு பப் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை வைத்தே உள்ளே இருப்பவர்களின் மதத்தைச் சொல்லிவிடலாம். 1971 டிசம்பர் 4 ஆம் திகதி அங்குள்ள மக்கேர்க் பாரில் வெடித்த குண்டு 15 பொதுமக்களைக் கொன்றது. கடைக்காரர் தன் மனைவியையும் 14 வயது மகளையும் இழந்தார். பழிவாங்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பொலிஸும் இராணுவமும் பரப்பிய கதையோ வேறு. உள்ளே இருந்த ஐ.ஆர்.ஏ.யினரின் குண்டு தவறுதலாக வெடித்ததாம். இறந்தவர்கள் மீதே பழி விழுந்தது. 1978 இல் யூ.வி.எஃப் உறுப்பினர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். பொலிஸ் விசாரணை பக்கச்சார்பானது என்று பொலிஸ் குறைகேள் அதிகாரி அறிவிக்க 2011 ஆனது.

இதை ஒரு பக்கத்தின் துயரமாக மட்டும் வாசிக்கக்கூடாது. 1974 நவம்பர் 21 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இரண்டு பப்களில் 21 பேரைக் கொன்ற குண்டுகள் ஐ.ஆர்.ஏ.யினுடையவை. அதற்காகச் சிறையிடப்பட்ட ஆறு ஐரிஷ்காரர்கள் 16 ஆண்டுகளின் பின், 1991 இல், குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள். உண்மையில் குண்டு வைத்தவர்கள் தண்டிக்கப்படவேயில்லை. அந்தக் குடும்பங்களும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

லொக்கினைலாண்ட் கொலைக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. பொலிஸாருக்கும் கொலையாளிகளுக்கும் இடையில் கூட்டு இருந்தது என்று குறைகேள் அதிகாரியின் 2016 அறிக்கை சொன்னது. 2017 இல் வந்த 'நோ ஸ்டோன் அன்டேர்ண்ட்' ஆவணப்படம் சந்தேகநபர்களின் பெயர்களை வெளியிட்டது. மறு ஆண்டு கைதானவர்கள் அவர்களல்ல. படத்தில் பணியாற்றிய ஊடகவியலாளர்களான ட்ரெவர் பேர்னியும் பரி மக்கஃப்ரியும்தான். அந்தச் சோதனை ஆணையை நீதிமன்றம் பின்னர் ரத்துச் செய்தது. அவர்களுடைய தகவல்மூலத்தைத் தேடிப் பொலிஸார் நடத்திய கண்காணிப்பு சட்டவிரோதமானது என்று 2024 டிசம்பரில் தீர்ப்பாயம் ஒன்று கூறியது. எடுத்த படத்துக்காகவும் எழுதிய வரிக்காகவும் விசாரணைக்கு அழைக்கப்படும் வடக்கு, கிழக்கு ஊடகவியலாளர்களுக்கு இந்தக் கதையின் முன்பாதி பழகியதுதான். பின்பாதிதான் புதிது.

மூடப்படும் கதவுகள்

2023 இல் பிரித்தானியா கொண்டுவந்த சட்டம் பழைய விசாரணைகளை மூடி, நிபந்தனையுடன் விலக்களிப்பு வழங்க முனைந்தது. அந்த விலக்களிப்பு ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்துக்கு முரணானது என்று பெல்பாஸ்ட் உயர்நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2025 செப்டெம்பரில் லண்டனும் டப்ளினும் சேர்ந்து புதிய பொறிமுறை ஒன்றை அறிவித்தன. பொறிமுறை என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வயதானவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சாட்சிகள் இறந்துபோகிறார்கள்.

பப்களும் மூடப்படுகின்றன. அயர்லாந்துக் குடியரசில் 2005 க்குப் பிறகு ஏறத்தாழ 2,000. செலவு கூடிவிட்டது, நாட்டுப்புறத்து இளைஞர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள், வீட்டிலிருந்து குடிப்பது மலிவு. குடி குறைந்தால் நல்லதுதான். அந்த நாடு குடியால் நிறையவே இழந்திருக்கிறது. ஆனால் மது போத்தலில் புற்றுநோய் எச்சரிக்கை பொறிக்கும் விதி 2026 இல் நடைமுறைக்கு வரவேண்டியது, 2028 க்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மது வியாபாரத்துக்கு அவகாசம் கிடைக்கிறது. ஊர் கூடும் இடத்துக்குக் கிடைக்கவில்லை.

மக்கேர்க் பார் இன்று இல்லை. அது நின்ற இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அரசு சொன்ன கதையை அந்தக் குடும்பங்கள் நாற்பது ஆண்டுகள் ஏற்காமல் நின்றதற்கு, தங்கள் ஆட்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடியிருந்து திரும்பத் திரும்பப் பேசும் உண்மையை அறிக்கை ஒன்றால் அழிப்பது கடினம். எங்களுக்குத் தவறணை வேண்டாம். வாசிகசாலையோ, கோயில் வீதியோ, சந்தியில் உள்ள மதகோ போதும். அங்கே இன்று யார் இருந்து, எதைப் பேசுகிறார்கள் என்பதுதான் கேள்வி.