அழலும் புடைப்பும்

“மூளை நரம்பு வெடிச்சுருச்சாம் சார்.” ஓடைப்பட்டியில் இந்த வாக்கியத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு நம் தெருவில், நமக்கு மதினி முறையான ஒருவர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்கு நடுவே தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார், பின் எழவில்லை. ஸ்கேனில் மூளையைச் சுற்றிக் குருதி பரவியிருந்தது. குருதிக்குழாயில் இருந்த புடைப்பு ஒன்று உடைந்துவிட்டதென்று மருத்துவர் கூறினார். மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. பத்து நாள்களுக்கு முன்பே, “இப்பிடி ஒரு தலைவலி என் பிறப்புல வந்ததில்ல” என்று அவர் சொல்லியிருந்தார். பித்தம் என்றனர் சிலர், சூடு என்றனர் சிலர். கழுத்துச் சுளுக்கென்று ஒருவர் எண்ணெய் தேய்த்து நீவியும் விட்டார். இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னது நாம்தான்.

அதன் பின்னரே இது பற்றித் தேடிப் படிக்கலானோம். தமிழ் கற்பிப்பவர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு விடை உண்டு: இங்கே சிக்கலின் ஒரு பாதி சொல்லில் இருக்கிறது.

வெடித்தது நரம்பன்று, தமனி. நம் பேச்சுவழக்கு இரண்டையும் ‘நரம்பு’ என்றே குறிக்கிறது, அது போகட்டும். ‘வெடித்தது’ என்பதே நம்மை உறுத்துகிறது. வெடிப்பு கணநேர நிகழ்வு. அதற்கு முந்தைய காலமே இல்லை என்பது போன்ற தோற்றத்தை அச்சொல் தந்துவிடுகிறது. பிறகு மிஞ்சுவது விதி ஒன்றுதான்.

அந்த முந்தைய காலத்துக்குரிய சொல் அழற்சி. வகுப்பில் இச்சொல்லைச் சொன்னால் மாணவர்கள் ‘அலர்ஜி’ என்று எழுதிக்கொள்கிறார்கள். நாளிதழ்களோ ‘வீக்கம்’ என்று முடித்துக்கொள்கின்றன. புடைப்பும் வீக்கம், அழற்சியும் வீக்கம் என்றாகிவிட்டால் எதனால் எது நேர்ந்தது என்று சொல்ல மொழியில் இடமில்லாமல் போகிறது. அழற்சியின் வேர் அழல், அதாவது நெருப்பு. மேலைச் சொல்லும் தீயை வைத்தே பிறந்தது. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் அதற்குச் செம்மை, வீக்கம், வெம்மை, வலி என நான்கு அடையாளங்கள் வகுத்தார். மூளைத் தமனியின் சுவரில் அழற்சி நிகழும்போது பெரும்பாலும் இவற்றில் ஒன்றும் வெளியே தெரிவதில்லை.

நிகழ்வது இதுதான். தமனி இரண்டாகக் கிளைக்கும் கவட்டில் குருதியின் மோதல் மிகுதி. அங்கே உள்தோல் சிதைந்து வேதிக் குறிப்புகளை விடுக்கிறது. அவற்றைக் கண்டு வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுந்து, அதன் வலுவான கொலாஜன், எலாஸ்டின் இழைகளைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. சுவரைத் தாங்கும் தசை உயிரணுக்கள் தம் தொழிலை விட்டு மெல்ல மடிகின்றன. மெலிந்த இடம் பிதுங்குகிறது. அதன் வடிவத்தைக் கண்டு ஆங்கில மருத்துவர்கள் சிறுகனியின் பெயரால் அழைத்தனர்.

கனி என்றால் எம் ஊரார்க்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை பெய்தால் திராட்சை வெடிக்கும். ஆனால் ஒரே கொடியில் ஒரு பழம் வெடிக்கிறது, பக்கத்துப் பழம் நிற்கிறது. சாம்பல் நோய் கண்ட பழத்தின் தோல் நெகிழ்வை இழந்துவிடும். உள்ளே சதை பெருக்கும்போது தோல் இடம்கொடாமல் பிளக்கும். மழையை மட்டும் குறைசொல்லும் தோட்டக்காரர் இங்கே ஒருவரும் இல்லை. தலைக்குள் வெடித்ததென்றால் மட்டும் நாம் மழையையே குறைசொல்கிறோம்.

1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி, இந்தியாவில் இப்புடைப்புகள் எவ்வளவு காணப்படுகின்றன என்பது பற்றியே 1969இல் ஒரு கட்டுரை எழுதினார். மேலைநாடுகளைவிட இங்கே இவை குறைவு என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. அதில் ஒரு பகுதி உண்மையாக இருக்கலாம். ஆயினும் சென்னையை எட்டும் முன்பே பாதி வழியில் இறந்தோரை யார் எண்ணினார்கள் என்பது நம் ஐயம்.

அழற்சியின் பங்கு துலங்கியது பின்னாளில்தான். 1978இல் ஜப்பானில் ஹஷிமோட்டோ குழுவினர் எலிகளின் மூளைத் தமனிகளில் இப்புடைப்பைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினர். அவ்வழியில் வந்த ஆய்வுகள் அழற்சியைத் தொட்டன. 2004இல் பின்லாந்தின் யுஹானா ஃப்ரோசன் குழு, உடைந்த 42 புடைப்புகளின் சுவரையும் உடையாத 24இன் சுவரையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டது. உடைந்தவற்றில் உயிரணுச் சிதைவும் வெள்ளணு ஊடுருவலும் மிகுந்திருந்தன. அழற்சிதான் உடைத்ததா, சிதைவைச் செப்பனிட வந்த இடத்தில் அழற்சி தங்கிவிட்டதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம் என்பது நம் எண்ணம்.

2011இல் டேவிட் ஹசன் குழு, வாரத்தில் மூன்று முறையேனும் ஆஸ்பிரின் உட்கொண்டவர்களிடம் உடைப்பு குறைந்திருந்ததாகக் கண்டது. இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுவோர் நம்மூரில் உண்டு, ஓட வேண்டாம். அது கண்டறிந்த ஓர் ஒற்றுமையேயன்றி நிறுவப்பட்ட மருத்துவமன்று. ஆஸ்பிரின் குருதியை உறையவிடாமல் செய்வது. முதிர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவரிடம் இப்புடைப்பு இருக்கிறது. பெண்களிடம் சற்றுக் கூடுதல். பெரும்பாலானவை உடைவதே இல்லை. உடைந்தாலோ மூன்றிலொரு பங்கினரேனும் மாள்கின்றனர்.

இதில் நம் கைக்குள் இருப்பவை முதன்மையாக இரண்டு: புகையும் குருதியழுத்தமும். இரண்டுமே சுவரில் அழற்சியை வளர்ப்பவை. பெண்களின் தலைவலியை நாம் செவிகொடுத்துக் கேட்பதில்லை என்பது மூன்றாவது. அதை எந்த ஆய்விதழிலும் தேட வேண்டியதில்லை. நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும், இதுவரை அறியாத தலைவலிக்கு மருந்து எண்ணெயும் இஞ்சியும் அல்ல, அன்றைக்கே ஒரு ஸ்கேன்.

மதினியின் தம்பிக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டுப் பீடி வேண்டும். அழுத்த மாத்திரையை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. “அதெல்லாம் எங்கக்கா விதிண்ணே” என்றவரைச் சென்ற ஞாயிறன்று சின்னமனூருக்கு அழைத்துச் சென்றோம். மேலழுத்தம் 170. மாத்திரையை வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் பீடிக்கட்டைக் கேட்டோம். சிரித்தபடி சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.