புது லெப்டொப் வாங்க முன்...

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அதிலிருந்து, "சேர், பிள்ளைட லெப்டொப்ப மாத்தணுமா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. இன்றைய விலைவாசியில் அது லேசான கேள்வியல்ல.

மாற்றத் தேவையில்லை, லினக்ஸ் போடலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்த லினக்ஸ்? இங்கேதான் நமது தம்பிமார் குழப்புகிறார்கள். யூடியூப்பில் அழகான திரையைக் கண்டால் வாரத்துக்கு ஒன்று மாற்றுகிறார்கள். சொந்த மெஷினில் செய்யட்டும், நல்ல படிப்பு அது. உயர்தரப் பிள்ளையின் மெஷினில் ஆர்ச் போட்டுக் கொடுப்பது என்ன நியாயம்?

வருடக்கணக்காகப் பாவித்தவர்கள் அழகைப் பார்ப்பதில்லை. லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே நீண்ட காலமாகப் பாவிப்பது பெடோரா. அவருடைய வேலை கருவில். மற்றது தொல்லை தராமல் இருந்தால் போதும்.

அவர்கள் பார்க்கும் இன்னொன்று, பின்னால் நிற்பது யார் என்பது. சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பி எத்தனையோ பேர் சேர்வர்களில் போட்டார்கள். 2020 டிசம்பரில் ரெட் ஹெட் நிறுவனம் அதை 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தது. இலவசமாகக் கிடைத்ததைக் கேள்வி கேட்கவும் முடியாது. 1993இல் தொடங்கிய டெபியனில் பலர் போய் நிலைப்பதற்கு, அது எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை என்பது பெரிய காரணம். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு. சலிப்பூட்டும் அளவுக்கு நிதானம்!

வீட்டுக்கு நான் சொல்வது மின்ட். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. விண்டோஸ் பழகிய கைக்குத் தடுமாற்றம் குறைவு. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

உடனே விண்டோஸை அழிக்க வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வை-பை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வீட்டு பிரின்டர் வேலை செய்கிறதா? மலிவான சில பிரின்டர்கள் உண்மையிலேயே மக்கர் பண்ணும். தமிழ் டைப்பிங்குக்கு ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்களுக்கு அந்த எழுத்துருவையும் போட வேண்டும்.

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறதென்றால் இப்போது கை வைக்காதீர்கள். முடிந்த பிறகு, பைல்களை வேறோர் இடத்தில் கொப்பி பண்ணி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.