கூட்டுத் தொகை சரி, தோட்டம் எங்கே?

ஜெர்மனி என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காரும் பீரும்தான். அந்தக் குளிர் நாட்டில் ஏறத்தாழ 1,03,000 ஹெக்டேரில், நம் கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் ஏக்கரில், திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. அனேகமாக எல்லாமே ஒயினுக்கான திராட்சை.

குடிப்பழக்கம் இல்லாத உமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். வருவாய்த் துறையில் அடங்கல் கணக்கோடு காலம் தள்ளியவன் நான். எந்த ஊராக இருந்தாலும் எவ்வளவு பரப்பில் என்ன பயிர், அது எந்த சர்வே எண்ணில் என்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அப்படிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: ஜெர்மனியின் மொத்தத் திராட்சைப் பரப்பு இருபத்தைந்து ஆண்டுகளாக ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் தோட்டங்கள் மலைச்சரிவை விட்டு மெல்லச் சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. கூட்டுத் தொகையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த இழப்பு தெரியாது. இதைத் தடுத்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

முதலில், அவ்வளவு வடக்கே திராட்சை எப்படி விளைகிறது என்று பார்ப்போம். ஐம்பதாவது அட்சரேகை அந்தத் தோட்டங்களின் நடுவே போகிறது. வெயில் சாய்வாகத்தான் விழும். சமதரையில் சாய்ந்து விழும் வெயில், தெற்கு நோக்கிய சரிவில் ஏறக்குறைய நேராக விழும். அதனால்தான் அந்தக் காலத்து விவசாயி சமவெளியைத் தானியத்துக்கு விட்டுவிட்டு, நல்ல திராட்சைக்காகச் சரிவில் ஏறினான். வடக்கு நோக்கி ஓடும் ரைன் நதி, மைன்ஸ் நகருக்குப் பக்கத்தில் மேற்கே திரும்பிச் சுமார் முப்பது கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால் அதன் வடகரை முழுவதும் தெற்கு பார்த்த சரிவு. பின்னால் டவுனஸ் மலை வாடைக் காற்றைத் தடுக்கிறது. ரைங்காவ் என்ற புகழ்பெற்ற வட்டாரம் அதுதான்.

மோசெல் நதிக்கரையிலோ மண்ணே கிடையாது என்று சொல்லலாம். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அந்தச் சிலேட்டுக் கல்தான் சில்லு சில்லாகக் கிடக்கிறது. பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கிறது. ரீஸ்லிங் என்ற திராட்சைக்குப் பேர் வாங்கித் தந்த இடங்களில் இது முக்கியமானது. பிரெம் என்ற ஊரில் உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் அறுபத்தைந்து பாகை வரை செங்குத்தானது.

இனி எந்த வட்டாரத்தில் எவ்வளவு என்று பார்ப்போம். மொத்தம் 13 ஒயின் வட்டாரங்கள். சாக்ஸனி, சாலே-உன்ஸ்ட்ரூட் இரண்டும் கிழக்கே ஒதுங்கி நிற்கின்றன. மற்ற பதினொன்றும் தென்மேற்கில் ரைனையும் அதன் துணை நதிகளையும் ஒட்டியவை. அவற்றில் ரைன்ஹெஸ்ஸனில் சுமார் 27,000 ஹெக்டேர், அடுத்துள்ள ஃபால்ஸில் 23,000-க்கு மேல். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள் இரண்டிலேயே நாட்டின் பாதித் தோட்டங்கள் அடங்கிவிடுகின்றன. இரண்டும் பெரும்பாலும் மென்மையான மேடு பள்ளமும் சமதரையும் கொண்டவை. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் தாராளமாகப் போகும்.

மோசெலைப் பாருங்கள். 1990-ஐ ஒட்டி அங்கே 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது 8,500-ஐ ஒட்டி நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கோட்டைகளுக்குப் பெயர்போன மிட்டல்ரைன் பள்ளத்தாக்கு 2002-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. திராட்சைச் சரிவுகளும் அந்தப் பெருமையில் சேர்த்தி. அங்கே மிச்சம் இருப்பது ஐந்நூறு ஹெக்டேருக்கும் குறைவு.

காரணம் கூலி. செங்குத்துச் சரிவில் ஒரு ஹெக்டேரைக் கையால் பராமரிக்க ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இயந்திரம் ஓடும் தரையில் அதில் சிறு பங்கு போதும். ஆளையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் வண்டி பல இடங்களில் வந்துவிட்டது. ஆனாலும் கவாத்தும் அறுவடையும் கைவேலைதான். பாகப்பிரிவினை வேறு. பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்ற வழக்கத்தால் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டு துண்டானது. அரசு நிலச் சீரமைப்பு செய்து பல இடங்களில் துண்டுகளைச் சேர்த்துப் பாதையும் போட்டது. பாதை போட முடியாத சரிவுகள் அப்படியே நின்றன.

சட்டமும் தன் பங்குக்குக் கெடுத்தது. 1971-ஆம் ஆண்டு ஒயின் சட்டம் பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்பதை வைத்துத் தரம் பிரித்தது. எந்த நிலத்தில் விளைந்தது என்பது பின்னால் போயிற்று. ஆயிரக்கணக்கான தோட்டப் பெயர்களை ஒன்றாகச் சேர்த்ததில், பேர் பெற்ற சரிவின் ஊர்ப் பெயரையே சுற்றியிருந்த சமதரைச் சரக்கும் போட்டுக்கொள்ள முடிந்தது. பெயர் ஒன்று, விலை பாதி என்றால் வாங்குபவர் எதை வாங்குவார்? விளைந்த இடத்துக்கு முதலிடம் தரும் திருத்தம் 2021-இல்தான் வந்தது. ஐம்பது ஆண்டு தாமதம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்ல வேண்டும். பூமி சூடாகிவிட்டது, சமவெளியிலேயே பழம் நன்றாகப் பழுக்கிறது, பிறகு ஏன் சரிவில் முதுகொடிய வேண்டும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. வடகோடியில் உள்ள சில்ட் தீவிலேயே 2009-இல் திராட்சை நட்டிருக்கிறார்கள். அதற்கான நடவு உரிமையை ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலம் தன் கணக்கிலிருந்து விட்டுக்கொடுத்தது.

ஆனால் நல்ல காலத்தை மட்டும் வைத்து நிலக் கணக்கு போடக்கூடாது. சூடு கூடியதால் கொடி முன்கூட்டியே துளிர்க்கிறது. துளிர்த்த பிறகு பனி வந்தால் கருகிப்போகிறது. 2024 ஏப்ரலில் கிழக்கு வட்டாரங்களிலும் ஆர் பள்ளத்தாக்கிலும் அதுதான் நடந்தது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அந்த இரவில் பெரும்பாலும் மேட்டுத் தோட்டமே பிழைக்கும். மோசெலின் துணை நதியான சார் பள்ளத்தாக்கில் குளிர் அதிகம், பல ஆண்டுகள் பழம் பழுக்காது என்று சொல்லிவந்த சரிவுகள், இன்றைய சூட்டில் சிறந்த இடங்களாகிவிட்டன. நாளை எந்த நிலம் கை கொடுக்கும் என்று இன்று யாரால் சொல்ல முடியும்?

சமதரையில் கொடியைப் பிடுங்கினால் மறுபடி நடலாம். சரிவில் அப்படி இல்லை. அங்கே மண்ணைப் பிடித்து நிற்பது சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர். ஆள் போவது நின்றால் முள்ளும் புதரும் ஏறி, சுவர் சரிந்துவிடும். திரும்பக் கட்டும் செலவைத் திராட்சை விலையில் எடுக்கவே முடியாது. மோசெல் சரிவுகளில் மட்டுமே வாழும் ஒரு வகை அப்பல்லோ பட்டாம்பூச்சிக்கும் புதர் மூடாத இந்தக் கற்சரிவுதான் வீடு.

இந்த விஷயத்தில் நமக்கும் ஒரு சிறு உறவு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு நூல்களில் உள்ள பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று, தென்ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க்கில் ட்ரோலிங்கர் என்ற பெயரில் இன்றும் ஒயினுக்குப் பயிராகும் திராட்சை. பழக்கடையில் நாம் வாங்கும் பழத்துக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சரிவில் உழைப்பவருக்கு அங்குள்ள அரசு இப்போதும் உதவித்தொகை தருகிறது. அதைத் தானம் போலத் தருவதுதான் தவறு. சுவர் காத்ததற்கும் மண் காத்ததற்கும் உரிய கூலியாக, செலவுக்குக் கட்டுபடியாகும் அளவில் தரவேண்டும். படகில் போய்ப் படம் எடுக்கும் சுற்றுலாப் பயணியிடமும் அதில் ஒரு பங்கு வாங்கலாம். புள்ளிவிவரம் வெளியிடும்போது மொத்த ஹெக்டேரோடு சரிவு எவ்வளவு, சமதரை எவ்வளவு என்று தனித்தனியாக முதல் பக்கத்திலேயே போடட்டும். அடங்கலில் கூட்டல் சரியாக வந்துவிட்டது என்று கையெழுத்துப் போடுவது எளிது. வயலுக்குப் போய்ப் பார்த்தவனுக்குத்தான் எந்தச் சர்வே எண் தரிசாகிவிட்டது என்று தெரியும்.