வீட்டுப் புகைக்கும் சட்டம் வேண்டுமா?

சிதம்பரம் பஸ் நிலையத்தில் பீடி பற்றவைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். அதே மனிதர் கடலூரில் தம் வீட்டுக்குள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புகைத்தால் கேட்பாரில்லை. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் பொது இடங்களோடு நின்றுவிட்டது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமோ, குழந்தை கையில் பீடியைக் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. முகத்தில் புகையை விட்டால் மௌனம் சாதிக்கிறது. ஆஸ்துமாவும் நிமோனியாவும் அந்தப் புகையோடுதான் நெருங்குகின்றன.

ஆனால், வீட்டுக்குள் போலீசை அனுப்பலாமா? சாட்சி யார்? தகப்பனாருக்கு எதிராகக் குழந்தையா? இங்கிலாந்துகூட 2015-இல் சிறுவர் ஏறிய காரில் புகைப்பதைத் தடுத்ததே தவிர, வீட்டைத் தொடவில்லை. நாமும் அவ்வளவு செய்யலாம். வீட்டுக்குள்ளோ, தடுப்பூசி போடும் நர்சம்மா தகப்பனாரிடம் கண்டித்துச் சொல்லும் ஒரு வார்த்தை, அபராதச் சீட்டைவிட அதிகம் சாதிக்கும்.